குழியில் நின்ற தண்ணீர்

எங்கள் ஊர்ச் செம்மண் தண்ணீரைக் குடிக்கிற வேகத்தைப் பற்றி என் பெரியப்பா பெருமை பேசாத நாள் ஒன்றை நான் கண்டதில்லை. அச்சுவேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்தது எங்கள் ஊர். அங்கே அவர் வெங்காயமும் வாழையும் செய்துவந்தார். மாரி எவ்வளவு கொட்டினாலும், விடிந்த பின் தன் தோட்டத்தில் கால் நனையாமல் நடக்கலாம் என்பார். தண்ணீர் தேங்கி நிற்கும் நிலத்தை அவர் நிலமென்றே மதித்ததில்லை. அதனால், எங்கள் மண்ணில் ஒரு குறை உண்டு, அது தண்ணீரைக் கெதியாகக் குடிப்பதுதான் அந்தக் குறை என்று ஓர் அரசாங்க உத்தியோகத்தர் வந்து சொன்னபோது, அதைத் தன் குடும்பத்தின் மீது சொல்லப்பட்ட அவதூறாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. யுத்தம் முடிந்து நாங்கள் வன்னியிலிருந்து ஊர் திரும்பிச் சில மாதங்களே ஆகியிருந்தன. போகும்போது இரண்டு கால்களோடு போன அக்கா, திரும்பும்போது ஒரு காலோடும் இரண்டு ஊன்றுகோல்களோடும் வந்தாள். அதைப் பற்றி வீட்டில் எவரும் கதைப்பதில்லை. கதைக்க வேண்டியதையெல்லாம் ஒழுங்கையால் போவோர் வருவோர் எங்களுக்காகக் கதைத்து முடித்திருந்தார்கள். செயற்கைக் காலுக்கு அளவெடுத்திருந்தார்கள். அது இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் கக்கூசு வளவின் பின்மூலையில், பலாமரத்துக்கும் அப்பால் இருந்தது. அக்கா அங்கே போவதென்றால் அது ஒரு சிறு ஊர்வலம். ஊன்றுகோல்களுடன் அக்கா முன்னே போவாள். அவளுடைய இடுப்பில் ஒரு கையை வைத்தபடி அம்மா பின்னே போவார். தண்ணீர் வாளியோடு நான் கடைசியில். மழை பெய்த நாட்களில் ஊன்றுகோல்கள் மண்ணில் புதைந்துவிடும். அம்மா அவளைத் தாங்கிப் பிடிக்க, நான் வாளியை வைத்துவிட்டு ஊன்றுகோல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுப்பேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வாளி என் பொறுப்பு என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்காவின் அறைச் சுவரோடு ஒட்டி ஒரு மலசலகூடம் கட்டுவதென்று அப்பா தீர்மானித்தார். அவர் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். எதையும் படிவம் நிரப்பித்தான் செய்வார். பிரதேச சபைக்கு விண்ணப்பம் போனது. சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நெல்லியடிப் பக்கத்து இளைஞர், தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு கதைப்பவர். அக்காவின் யன்னலுக்குக் கீழே, சுவருக்கும் வேலிக்கும் இடையே கிடந்த நிலத்தைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் பார்த்தார். அங்கே பெரியப்பாவின் கிணறு இருந்தது.

அது வெறும் கிணறு அல்ல. ஒழுங்கையிலுள்ள மற்றக் கிணறுகளின் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. குடிக்கவும் தேநீர் வைக்கவும் எல்லாரும் பெரியப்பாவின் கிணற்றுக்குத்தான் குடத்தோடு வருவார்கள். நாங்களும்தான்.

“குழியை வேறை பக்கம் வைக்க ஏலாதோ, ஐயா?” என்று கேட்டார் பரிசோதகர்.

அப்பா ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். முன்னே வாசல் படலையும் பாதையும். மேற்கே மண்வெட்டி வைத்தால் பொறி பறக்கும் சுண்ணக்கல். பின்னே போனால் பழைய தூரமேதான். தெற்கே எங்கள் சுவர் முடிகிற இடத்திலேயே பெரியப்பாவின் வாழைத் துண்டு தொடங்கிவிடும்.

அப்படியானால் மண்ணைச் சோதித்துத்தான் சொல்லலாம் என்றார் அவர். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அதற்குத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, பிறகு மறுபடி நிரப்பி, தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். தண்ணீர் கெதியாக இறங்கினால் மண் அதை வடிகட்டவில்லை என்று அர்த்தம், கழிவுத்தண்ணீர் கல்வெடிப்புகளுக்குள்ளால் நேரே கிணற்றுக்குப் போய்விடும், அனுமதி இல்லை. “அதே மாதிரி...” என்று அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியபோது, தேநீர்த் தட்டை எடுத்துப் போக அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். நான் திரும்பி வந்தபோது அவர்கள் வேறு விடயத்துக்குப் போயிருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் அப்பா அலவாங்கும் மண்வெட்டியுமாகக் குழி வெட்டத் தொடங்கினார். பெரியப்பா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியப்பாவும் அப்பாவும் ஒருவரோடொருவர் நேரே கதைப்பதில்லை. நாங்கள் ஊரில் இல்லாத காலத்தில் வேலிக்கு நட்ட கதிகால்கள் அரையடி எங்கள் பக்கமாக நகர்ந்திருந்தன. அவை தாமாக நகர்ந்தன என்பது பெரியப்பாவின் கட்சி. ஆகவே நானிருக்கும் இடத்தில் என்னூடாகவும், நானில்லாத இடத்தில் கோழிகளைப் பார்த்தும் அவர்கள் கதைத்துக்கொண்டார்கள்.

“எடி பிள்ளை, கொப்பரைக் கேள், உதிலை என்ன கிண்டுறாரெண்டு.” கொப்பர் என்றது என் அப்பாவை.

“பெரியப்பாவிட்டைச் சொல்லு பிள்ளை, மண் பரிசோதனை எண்டு.”

“மண்ணுக்கு என்னவாம்? காய்ச்சலோ?”

“தண்ணி எவ்வளவு கெதியா இறங்குதெண்டு பாக்கிறம் எண்டு சொல்லு.”

“உதுக்கு ஏன் குழி வெட்டுவான்? என்னட்டைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன் எண்டு சொல்லு.”

இருவருக்கும் இடையில் இருந்தது நான்கு முழத் தூரம். ஒரு சொல்லையும் நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையை இங்கும் அங்கும் திருப்பினாலே போதுமாக இருந்தது.

குழியின் பக்கங்களை அப்பா கத்தியால் கீறிவிட்டார். அடியில் ஒரு பிடி சல்லி பரப்பினார். பலமுறை தண்ணீர் விட்டு ஊறவைத்தார். பிற்பகலில் குழியின் குறுக்கே ஒரு பலகையை வைத்து, என் அடிமட்டத்தை ஒரு தடியில் கட்டி, எலாம் மணிக்கூட்டை என் மடியில் தந்தார். நான் நேரம் சொல்ல, அவர் அளந்து கொப்பியில் எழுதினார். இரண்டு தரம் எழுதினார். மூன்றாம் தரம் அடிமட்டத்தை இறக்கியபோது அது சல்லியில் முட்டியது. குழிக்குள் எழுத எதுவும் மிச்சமிருக்கவில்லை.

“பாத்தியே! பசுக்கண்டு பால் இழுக்கிற மாதிரி இழுக்குது!” என்று பெரியப்பா வேலிக்கு மேலால் கை தட்டினார். “எங்கடை மண் எல்லே!”

அப்பா கொப்பியை மூடினார்.

“மண் நல்லா இழுக்குது,” என்று குசினிக்குள் அம்மாவிடம் சொன்னார். “அதுதான் சரிவராது.”

“நல்லதெண்டால் ஏன் சரிவராது?”

“கிணத்துக்குப் போயிடும். திங்கள் பரிசோதகர் வந்து தானே அளப்பார். இதே மாதிரி இறங்கினால் பிள்ளைக்குக் கக்கூசு இல்லை.”

அம்மா அக்காவின் அறைக் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு அடுப்பை ஊதத் தொடங்கினார். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: தண்ணீர் இறங்கினால் அக்காவுக்குக் கக்கூசு இல்லை, இறங்காமல் நின்றால் உண்டு.

தண்ணீரை நிற்க வைப்பது எப்படியென்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் சீமெந்து வாய்க்கால் வந்துவிட்ட பிறகும் பெரியப்பா ஒரு பகுதியில் மண்வாய்க்காலையே வைத்திருந்தார். வாய்க்கால் தண்ணீரைக் குடித்துவிடாமல் இருக்கக் குளத்துக் களிமண்ணைக் குழைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பூசுவார். அந்தக் களிமண் வேலியோரம் குவியலாகக் கிடந்தது. ஞாயிறு பொழுதுபடும் நேரம், அப்பா கடைசித் தரமாகக் குழியை ஊறவைத்துவிட்டுக் கால் கழுவப் போன பிறகு, நான் வேலியில் விலகியிருந்த பொட்டுக்குள்ளால் கையை விட்டு, பனையோலைப் பெட்டியில் களிமண் எடுத்தேன். சல்லியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே வைத்தேன். பெரியப்பா செய்வதைப் போலவே அடியிலும் பக்கங்களிலும் பூசினேன். சல்லியை மறுபடியும் இட்டேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் இவ்வளவு கவனமாக எந்த வேலையையும் நான் செய்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் பரிசோதகர் வந்தார். பெரியப்பா ஏற்கெனவே வேலியோரம் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்திருந்தார்.

“தம்பி நெல்லியடிப் பக்கமே?” என்றார். “உங்கடை பக்கத்து மணல் வேறை, எங்கடை செம்மண் வேறை. பாத்து எழுதுங்கோ.”

“பாப்பம் ஐயா,” என்று பரிசோதகர் சிரித்தார்.

அப்பா தண்ணீர் விட்டார். பலகை வைக்கப்பட்டது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் குடத்துக்குள் நிற்பதைப் போல நின்றது. முதல் தரம் அளந்தார். இரண்டாம் தரம் அளந்தார். மூன்றாம் தரமும் அதே கோடுதான். ஒரு தும்பி வந்து தண்ணீரில் வாலைத் தொட்டுவிட்டுப் போனது. பெரியப்பா கதிரையைவிட்டு எழுந்தார்.

“இதென்ன கோதாரி! எங்கடை மண் உப்பிடி நிக்காது!”

பரிசோதகர் தலையை ஆட்டினார். “இப்பிடி நிண்டாலும் அனுமதி குடுக்க ஏலாது, ஐயா. கழிவுத்தண்ணி மண்ணுக்கை போகாமல் மேலாலை பொங்கும். நான் அண்டைக்கே சொன்னனான். கெதியாவும் இறங்கக்கூடாது, நிக்கவும் கூடாது.”

நான் தேநீர்த் தட்டோடு குசினிக்குள் இருந்தபோது சொல்லப்பட்ட வாக்கியம் அதுதான்.

எந்தப் படிவத்திலும் ஒரு பொய் எழுதியிராத அப்பா, அப்போதும் கொப்பியைத் திறந்து சனிக்கிழமை அளவுகளைக் காட்டினார். “இது முந்தநாள் அளவு. அண்டைக்கு இறங்கின தண்ணி இண்டைக்கு எப்பிடி இப்பிடி நிக்குது எண்டுதான் விளங்கேல்லை.” இரண்டு விதத்திலும் தன் விண்ணப்பம் தோற்றுவிட்டதற்கான அத்தாட்சியை அவர் தானே எடுத்துக் கொடுத்தார்.

பரிசோதகர் சட்டைக் கையை மடித்துக் குழிக்குள் விட்டார். ஒரு பிடி களிமண்ணோடு கை வெளியே வந்தது. “இது உங்கடை மண் இல்லையே,” என்றார்.

பெரியப்பா வேலிக்கு மேலால் கையை நீட்டி அதை வாங்கினார். விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். “இது என்ரை குளத்து மண். வாய்க்காலுக்குப் பூசுற பூச்சு.” பிறகு எட்டிக் குழியைப் பார்த்தார். பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, விரல் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. “பூச்சு வலு திறம். ஆனால் விரல் சின்னனாக் கிடக்கு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைகளைப் பின்னால் மறைத்தேன். நகங்களுக்குள் இன்னும் களிமண் இருந்தது.

முதலில் பெரியப்பாதான் சிரித்தார். பரிசோதகரும் சிரித்தார். அப்பாவின் முகம் சிவந்தது. ஆனால் அவர் வாயைத் திறக்குமுன் பரிசோதகர் எனக்கு முன்னால் குந்தியிருந்துகொண்டு, “ஏன் பிள்ளை உப்பிடிச் செய்தனீ?” என்று கேட்டார்.

“தண்ணி இறங்கினால் அக்காவுக்குக் கக்கூசு இல்லையெண்டு அப்பா சொன்னவர்.”

“அக்காவுக்கு இப்ப இருக்கிற கக்கூசு சரியில்லையே?”

ஒரு பெரியவர் என்னிடம் விபரம் கேட்கிறார் என்ற மகிழ்ச்சியில், எனக்குத் தெரிந்த எல்லா விபரங்களையும் நான் கொடுத்தேன். அது பலாமரத்துக்கு அங்கால் என்றேன். அக்காவால் தனியே போக ஏலாது, இருட்டின பிறகு இரண்டு தரம் அம்மா பிடித்துக்கொண்டு போவா, மழையென்றால் ஊன்றுகோல் புதையும் என்றேன். ஒருநாள் போய்ச் சேருவதற்கு முன்னமே பாவாடை நனைந்துவிட்டதென்றும், அதை அம்மாவும் நானும்தான் தோய்த்தோம் என்றும் சொன்னேன்.

“அதாலை அக்கா மூண்டு மணிக்குப் பிறகு தண்ணி குடியா,” என்று முடித்தேன். “தேத்தண்ணியும் குடியா. விக்கினாலும் குடியா.”

நல்ல உரத்த, தெளிவான குரல் எனக்கு. பேச்சுப்போட்டிக்குப் பழகிய குரல்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே யன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அக்காவின் முகத்தில் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா கையிலிருந்த களிமண்ணை வேலிக் கதிகாலில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு பரிசோதகரைப் பார்த்துச் சொன்னார்:

“தம்பி, தெற்கை என்ரை வாழைத் துண்டு கிடக்கு. அங்கை கல்லு ஆழத்திலை; மண் கனதி. கிணத்துக்கும் எட்ட. குழியை அங்கை வைக்கச் சொல்லுங்கோ.”

“வீட்டுக்காரரிட்டை நீங்களே சொல்லலாமே, ஐயா. உதிலைதானே நிக்கிறார்.”

“நீங்கள் சொன்னால்தான் எழுத்திலை வரும்.”

அப்பா குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “பெரியப்பாவிட்டைச் சொல்லு, பிள்ளை,” என்றார். “வாழை நாலைஞ்சு போயிடும் எண்டு சொல்லு.”

“கொப்பருக்கு வாழையைப் பற்றி என்ன தெரியும் எண்டு கேள்,” என்றார் பெரியப்பா. உடனேயே கத்தியை எடுக்கப் போய்விட்டார்.

எங்கள் பகுதியில் வேலிக் கதிகால் ஒன்று அரையடி நகர்ந்தால் வழக்கென்று கோடுவரை போகும் குடும்பங்கள் உண்டு. அப்படியான ஊரில் ஒருவர் தன் வளவுக்குள் இன்னொரு வீட்டின் கக்கூசுக் குழியை வெட்ட இடம் கொடுத்தார் என்பதைப் பல நாட்களுக்கு ஒழுங்கையில் எவரும் நம்பவில்லை. பெரியப்பாவே தெற்குப்புற வேலியில் பொட்டு வைத்து வழிவிட்டார். தானே வாழைகளைத் தறித்தார். தானே சோதனைக் குழியும் வெட்டினார். இரண்டாம் சோதனை நடந்த அன்று, இரண்டு கைகளையும் எல்லாரும் காணும்படி முழங்காலில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் இருக்க வேண்டும் என்பது எனக்கிடப்பட்ட கட்டளை. அந்த மண் அவசரப்படவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை, பரிசோதகர் கையொப்பமிட்டார். தன் மண்ணிலும் ஒரு துண்டு ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் குடிக்கிறது என்பதில் மாத்திரம் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். அவரும் அப்பாவும் அதற்குப் பிறகும் நேரே கதைத்துக்கொள்ளவில்லை.

அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. என் பூச்சு பிழையாகிப்போன கோபம் என்று எண்ணிக்கொண்டேன்.

கட்டடம் எழும்பிய வாரங்களில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அக்கா பிடித்து எழும்பச் சுவரில் குழாய் பூட்ட வேண்டும் என்றார் அப்பா. தரை வழுக்கக்கூடாது என்றார் அம்மா. இருந்து குளிக்க ஒரு சீமெந்துக் கட்டும் வைக்கச் சொல்லிப் பெரியப்பா என்னிடம் சொல்லியனுப்பினார். அக்கா எதையும் சொல்லவில்லை. அவளை எவரும் கேட்கவும் இல்லை. மேசன் கதவைப் பொருத்திய நாளில்தான் அவள் ஊன்றுகோல்களோடு வந்து பார்த்துவிட்டு, முதல்முறையாகக் கதைத்தாள்.

“உள்பக்கம் ஒரு கொண்டி வேணும்.”

“உள்ளுக்கை விழுந்து கிடந்தால் நாங்கள் என்னெண்டு வாறது?” என்றார் அம்மா. “கதவைச் சும்மா சாத்தினால் போதும். நான் வெளியிலை நிப்பன்தானே.”

“கொண்டி வேணும்,” என்றாள் அக்கா மறுபடியும். அவள் குரலை உயர்த்தவில்லை.

அப்பா அம்மாவையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. சந்தைக்குப் போய் ஒரு கொண்டி வாங்கி வந்து, அவள் இருந்தபடியே எட்டும் உயரத்தில், தன் கையாலேயே பூட்டிக்கொடுத்தார். அது கோணலாக இருந்தது. ஆனால் இறுக்கமாகப் பிடித்தது.

முதல்நாள் அக்கா உள்ளே போனாள். கொண்டி விழுந்தது. அம்மா கதவில் ஒரு கையை வைத்தபடி நின்றார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில். எடுத்துப் போக வாளியில்லாமல் எனக்குக் கை என்னவோ போல் இருந்தது. தண்ணீர் வார்க்கும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

“பிள்ளை?” என்றார் அம்மா.

“ஓம். இருக்கிறன்,” என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

மறுபடியும் ஒன்றுமில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கதவைத் தட்டினேன். “அக்கா, விழுந்திட்டியே?”

“இல்லை.”

“பின்னை என்ன செய்யிறாய்?”

“ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் அங்காலை போங்கோ.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்காகக் களிமண்ணில் கை வைத்தவள் நான். எல்லார் முன்னாலும் பிடிபட்டவள் நான். கதவைத் திறந்து என்னை முதலில் உள்ளே விட்டுக் காட்டுவாள் என்று நினைத்திருந்தேன். அம்மா கதவிலிருந்து கையை எடுத்தார். என் தோளைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப் போனார். செய்வதற்கு ஒன்றுமில்லாத ஓரிடத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு ஒருவர் ஏன் இவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று நான் அவரைக் கேட்டேன். அவர் சுளகை எடுத்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினார். கால் போன நாளிலிருந்து அக்கா ஒரு கணமும் தனியே இருந்ததில்லை என்பது, எந்நேரமும் அவளோடேயே இருந்த எனக்குத் தோன்றவேயில்லை.